இந்தியக் கால்பந்து அணியின் பின்களம்: எந்தப் பயிற்சியாளரின் காலத்தில் உறுதியாக இருந்தது?

தூத்தூர் ரசிகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் நம் அணி வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்ற பிறகு, எங்கள் ஊர் நண்பர்களிடையே எழுந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆண்கள் தேசிய அணியின் பின்களம் எந்தப் பயிற்சியாளரின் கீழ் உறுதியாக இருந்தது என்பதே கேள்வி. ஒரு சாரார் இகோர் ஸ்டிமாச்சின் காலத்தைச் சொல்கிறார்கள்; 2023-இல் தொடர்ந்து 8 ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காத அணி அது என்பது அவர்களுடைய வாதம். மறு சாராருக்கு ஸ்டீபன் கான்ஸ்டன்டைன்தான். 2019 ஆசியக் கோப்பையில் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை அடுத்த சுற்று வாய்ப்பை உயிருடன் வைத்திருந்த அணி அவருடையது என்கிறார்கள்.

நான் எண்களை எடுத்துப் பார்த்தேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆசியக் கோப்பையை மட்டும் கணக்கில் கொண்டால், 2011-இல் பாப் ஹூட்டனின் அணி 3 ஆட்டங்களில் 13 கோல்கள் வாங்கியது, 2019-இல் கான்ஸ்டன்டைனின் அணி 3 ஆட்டங்களில் 4 கோல்கள் வாங்கியது, 2024 ஜனவரியில் ஸ்டிமாச்சின் அணி 3 ஆட்டங்களில் 6 கோல்கள் வாங்கியது. இதில் கான்ஸ்டன்டைன் முன்னே நிற்கிறார். ஆனால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றைப் பார்த்தால், 2018 உலகக் கோப்பைக்கான இரண்டாம் சுற்றில் அதே கான்ஸ்டன்டைனின் அணி 8 ஆட்டங்களில் 18 கோல்கள் வாங்கியிருக்கிறது. 2022-க்கான அதே சுற்றில் ஸ்டிமாச்சின் அணி 8 ஆட்டங்களில் 7 கோல்கள்தான் வாங்கியிருக்கிறது.

ஒரே பயிற்சியாளர் ஒரு கணக்கில் மேலேயும் இன்னொரு கணக்கில் கீழேயும் நிற்கிறார் என்றால், இந்த எண்களை எப்படி ஒப்பிடுவது? ஒப்பிடத்தான் முடியுமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மைதான நோக்கர்

நல்ல கேள்வி. மொத்தக் கோல்களை ஆட்டங்களால் வகுத்து ஒரு சராசரியைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. நம் அணியைப் பொறுத்தவரை அந்தச் சராசரி எதையும் சொல்லாது. தெற்காசிய அணிகளுடன் ஆடும் ஆட்டமும் ஈரானுடன் ஆடும் ஆட்டமும் ஒரே கணக்கில் சேரும்போது, யார் அதிக நட்புறவுப் போட்டிகளைச் சொந்த மண்ணில் ஏற்பாடு செய்துகொண்டாரோ அவருடைய பின்களம் சிறந்ததாகத் தெரியும்.

நீங்கள் சொன்ன 8 ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் இம்பாலில் மியான்மர், கிர்கிஸ்தான். ஜூனில் புவனேசுவரத்தில் மங்கோலியா, வனுவாட்டு, லெபனான் இரண்டு முறை. பிறகு பெங்களூருவில் தெற்காசியக் கோப்பையில் பாகிஸ்தான், நேபாளம். அடுத்து குவைத்துடன் ஆடிய ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் அன்வர் அலியின் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போன பந்துதான் அந்தத் தொடரை முறித்தது. அரையிறுதியில் லெபனானுடன் 120 நிமிடங்களும் கோல் வாங்கவில்லை. இறுதியாட்டத்தில் குவைத்திடம் ஒன்று வாங்கினோம். ஆக, 11 ஆட்டங்களில் 2 கோல்கள். இதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை, அந்த அரையிறுதியையும் இறுதியாட்டத்தையும் பெனால்டி உதைகள் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த 11 ஆட்டங்களும் இந்தியாவில் நடந்தவை. அதே அணி செப்டம்பரில் தாய்லாந்துக்குப் போய் ஈராக்கிடம் 2, லெபனானிடம் 1, அக்டோபரில் கோலாலம்பூருக்குப் போய் மலேசியாவிடம் 4 என்று மூன்றே ஆட்டங்களில் 7 கோல்கள் வாங்கியது. இடையில் பயிற்சியாளர் மாறவில்லை.

தகுதிச் சுற்றுக் கணக்கையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். கான்ஸ்டன்டைனின் 18 கோல்களில் 7 கோல்கள் ஈரானிடம் மட்டும் வாங்கியவை. பெங்களூருவில் 0-3, தெஹ்ரானில் 0-4. அதை விலக்கினாலும் ஓமன், துர்க்மெனிஸ்தான், குவாம் ஆகிய மூன்று அணிகளிடம் 6 ஆட்டங்களில் 11 கோல்கள் வருகின்றன, அது மோசமான கணக்குத்தான். குவாமிடம் தோற்ற 1-2 ஆட்டத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஸ்டிமாச்சின் குழுவில் ஈரானுக்குப் பதிலாகக் கத்தார் இருந்தது. அப்போதைய ஆசியச் சாம்பியன். அவர்களிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஒரே கோல். இரு பயிற்சியாளர்களுக்கும் பொதுவான எதிரணி ஓமன் மட்டுமே: 2015-இல் 1-2, 0-3, 2019-இல் 1-2, 0-1. இங்கேயும் ஸ்டிமாச்சின் கணக்கே மேல்.

அப்படியானால் ஸ்டிமாச்தான் சிறந்தவர் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் எனக்குத் தடை வருகிறது. 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அதே ஸ்டிமாச் அதே கத்தாரை மறுபடியும் சந்தித்தார். புவனேசுவரத்தில் 0-3, தோஹாவில் 1-2. முதல் முறை இரண்டு ஆட்டங்களில் 1 கோல், இரண்டாம் முறை இரண்டு ஆட்டங்களில் 5 கோல்கள். தோஹா ஆட்டத்தில் கத்தாரின் முதல் கோல், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து அடித்தது என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அதைக் கழித்தாலும் 4. பயிற்சியாளரும் எதிரணியும் மாறாமல் இருக்க, கோல் கணக்கு மட்டும் இவ்வளவு மாறுகிறது என்றால், காரணத்தைப் பயிற்சியாளரின் பெயரைத் தாண்டித் தேட வேண்டும் என்பதே என் கருத்து.

வியாசர்பாடி 4

மைதான நோக்கர் காட்டிய கத்தார் உதாரணம் மிகச் சரியானது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு பாதி வழியில் நின்றுவிடுகிறது. பயிற்சியாளரின் பெயர் மாறவில்லைதான், ஆனால் அவர் அணியை நிறுத்திய இடம் மாறியது. எத்தனை கோல் வாங்கினோம் என்பதோடு, அணி எங்கே நின்றுகொண்டு வாங்கியது என்பதையும் கேட்டால் படம் தெளிவாகும்.

2019 செப்டம்பர் 10, தோஹா. காய்ச்சலில் கிடந்த அணித் தலைவர் சுனில் சேத்ரி ஆடவில்லை. கோல்காப்பாளர் குர்ப்ரீத் சிங் சந்து தலைவராக இறங்கினார். அன்று நம் அணி பெரும்பகுதி நேரம் தன் பெனால்டி பெட்டியின் விளிம்பிலேயே நின்றது. சந்தேஷ் ஜிங்கானும் ஆதில் கானும் நடுவில், அவர்களுக்கு முன்னால் நடுக்கள வீரர்கள் நெருக்கமாக, பக்கவாட்டில் ஆடுபவர்கள்கூடப் பந்து தங்கள் பக்கம் வந்தவுடன் ஓடி இறங்கி ஐந்தாவது தடுப்பாளராக நின்றார்கள். அதையும் மீறி வந்த அடிகளைக் குர்ப்ரீத் பார்த்துக்கொண்டார். 2021 ஜூனில் ராகுல் பேகே 17-ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் 10 பேரும் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. 0-1. அதாவது கத்தாரிடம் ஒரே கோல் வாங்கிய அந்த இரண்டு ஆட்டங்களும், ஸ்டிமாச் பெரிதும் பேசிய 'பந்தை வைத்து ஆடும்' பாணிக்கு நேர் எதிரானவை. புவனேசுவரத்தில் நிலைமை வேறு. சொந்த ரசிகர்கள் முன்னால், குவைத்தை வென்ற உற்சாகத்தில், முன்னேறி ஆட முயன்றோம்; 4-ஆவது நிமிடத்திலேயே வலை அசைந்தது.

கான்ஸ்டன்டைனின் 2019 அணியைப் பலர் 'தூக்கி அடிக்கும் அணி' என்று குறைவாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரீதம் கோட்டல், ஜிங்கான், அனஸ் எடத்தொடிகா, சுபாசிஷ் போஸ் என்ற நால்வர், அவர்களுக்கு முன்னால் இன்னொரு நால்வர், இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் எதிரணி வீரர் திரும்பி நிற்க இடமே இருக்காது. தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தைவிட, ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2 என்று தோற்ற ஆட்டத்தில்தான் அந்த அமைப்பின் தரம் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது கோல் 88-ஆவது நிமிடத்தில், நாம் சமன் செய்ய முன்னேறியிருந்தபோது விழுந்தது. அந்த ஆட்டத்தில் நாம் அடித்த பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

சார்ஜாவில் பஹ்ரைனுடன் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஒரு சமநிலை போதும், அடுத்த சுற்று கிடைத்துவிடும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அனஸ் காயத்தோடு வெளியே போகிறார், சலாம் ரஞ்சன் சிங் உள்ளே வருகிறார். ஏறத்தாழ மொத்த ஆட்டத்தையும் பழகாத இணையுடன் ஜிங்கான் தாங்குகிறார். 90 நிமிடம் முடிகிற நேரம், பெட்டிக்குள் பிரணாய் ஹால்தரின் கால் தவறான நேரத்தில் நீள்கிறது, பெனால்டி, ஜமால் ராஷித் அடிக்கிறார். அந்தக் கால் நீளவில்லை என்றால் வரலாறு வேறு. ஆனால் அது தற்செயல் மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பந்தை நம்மிடம் வைத்துக்கொள்ளவே தெரியாத அணி, எவ்வளவு ஒழுங்காக நின்றாலும், கடைசிப் பத்து நிமிடங்களில் சோர்ந்துபோகும். பின்னால் ஒதுங்கி நிற்பதற்கான விலை அது.

ஸ்டிமாச்சின் 2024 ஆசியக் கோப்பையில் விலை வேறு விதமாக வந்தது. ஆஸ்திரேலியாவிடம் இடைவேளை வரை 0-0. பின்னால் நின்று ஆடியதால் கிடைத்த பலன். 50-ஆவது நிமிடத்தில் வலப்புறமிருந்து வந்த பந்தைக் குர்ப்ரீத் குத்தியபோது அது தூரம் போகாமல் ஜாக்சன் இர்வைனின் காலடியில் விழுந்தது. உஸ்பெகிஸ்தானுடன் முன்னேறி ஆடப் போனோம். இடைவேளைக்குள் 3 கோல்கள். ஐந்தே நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், என் வாதத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

தூத்தூர் ரசிகன்

இருவருக்கும் மிக்க நன்றி. 11 ஆட்டங்களும் இந்தியாவில் நடந்தவை என்பதை நான் கவனித்திருக்கவே இல்லை. ஒரு துணைக் கேள்வி. ஸ்டிமாச்சுக்குப் பிறகு வந்த மனோலோ மார்க்கெஸின் காலத்தில் 8 ஆட்டங்களில் 8 கோல்கள் என்று கணக்கு வருகிறது. ஆட்டத்துக்கு ஒன்று என்பது நம் அணிக்கு மோசமில்லை. ஆனாலும் அவர் காலத்தை யாரும் நல்ல விதமாகப் பேசுவதில்லை. அவருக்குப் பின் வந்த காலித் ஜமீலின் அணியையும் இந்த வரிசையில் எங்கே வைப்பது?

கடைசித் தடுப்பு

மார்க்கெஸின் எண்ணைத் தனியாக எடுத்தால் ஏமாந்துபோவோம். அந்த 8 ஆட்டங்களில் நாம் அடித்தது 5 கோல்கள், அதிலும் 3 மாலத்தீவுடன் ஷில்லாங்கில். வென்றதும் அந்த ஒரே ஆட்டம். மொரீஷியஸுடன் 0-0, வங்கதேசத்துடன் 0-0 என்று கோல் வாங்காத ஆட்டங்கள் இருக்கின்றன. அவை நாம் வெல்ல வேண்டிய ஆட்டங்கள். முன்களம் பந்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் பின்களத்துக்கு ஓய்வே கிடைக்காது. ஒரு கோல் முன்னிலையில் ஆடுகிற தடுப்பாளரும், 0-0 என்ற நிலையில் 94-ஆவது நிமிடம் வரை பதற்றத்தோடு ஆடுகிற தடுப்பாளரும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. ஹாங்காங்கில் அப்படித்தான் நடந்தது. கோல் இல்லாமல் முடிய வேண்டிய ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் நம் கோல்காப்பாளர் விஷால் கைத் உயரப் பந்துக்காகப் பாய்ந்து வெளியே வந்தார், எதிரணி வீரர் மீது மோதினார், பெனால்டியில் 0-1. போதாக்குறைக்கு மார்க்கெஸ் அந்தப் பருவத்தில் கோவா அணியையும் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். தடுப்பு வரிசை என்பது ஒத்திகையால் உருவாவது. தேசிய அணிக்குக் கிடைக்கும் சில நாள்களையே இரண்டு வேலைக்கு நடுவில் பகிர்ந்துகொண்ட ஒருவரிடம் அதை எதிர்பார்த்தது இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தவறு என்றே நினைக்கிறேன்.

இதுவரை இங்கே யாரும் நேரடியாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கையெல்லாம் பயிற்சியாளர் வாரியாக அல்லாமல், ஜிங்கான் ஆடிய நிமிடங்கள், ஆடாத நிமிடங்கள் என்று பிரித்துப் பாருங்கள். 2019 தோஹா சமநிலைக்குப் பிறகு அக்டோபரில் அவர் முழங்கால் காயத்தால் விலகினார். அடுத்து கொல்கத்தாவில் வங்கதேசத்துடனும் துஷான்பேயில் ஆப்கானிஸ்தானுடனும் முதலில் கோல் வாங்கிவிட்டு, முறையே 88-ஆவது நிமிடத்திலும் கூடுதல் நேரத்திலும்தான் சமன் செய்தோம். 2023-இன் அந்த நல்ல காலம் ஜிங்கானும் அன்வர் அலியும் இணைந்து நின்ற காலம். 2024 ஆசியக் கோப்பைக்கு அன்வர் காயத்தால் வரவில்லை. சிரியாவுடன் ஆடிய கடைசி ஆட்டத்தில் ஜிங்கானும் இடைவேளையை ஒட்டி வெளியேறினார். அப்போது 0-0, பிறகு 76-ஆவது நிமிடத்தில் கோல் விழுந்தது.

காலித் ஜமீலின் காலத்திலும் இதே கதைதான். மத்திய ஆசியக் கோப்பையில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றோம். அன்வரும் ஜிங்கானுமே கோல் அடித்தார்கள், குர்ப்ரீத் ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஈரானிடம் வாங்கிய 3 கோல்களும் இரண்டாம் பாதியில்தான், அதில் இரண்டு ஆட்டம் முடியும் தறுவாயில். ஓமனைப் பெனால்டி உதைகளில் வென்று மூன்றாம் இடம். பிறகு சிங்கப்பூரில் ஜிங்கான் இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை பெற்றார். 10 பேராகப் பின்னால் நின்று மேற்கொண்டு கோல் வாங்காமல், 90-ஆவது நிமிடத்தில் ரஹீம் அலியின் கோலால் சமன் செய்தோம். ஐந்து நாள் கழித்து கோவாவின் மட்காவில் அதே சிங்கப்பூருடன், அவர் தடையால் ஆட முடியாத ஆட்டத்தில், முன்னிலை பெற்றும் 1-2 என்று தோற்றோம்.

ஒருவரை நம்பியே ஒரு நாட்டின் பின்களம் பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிகள் நடுத் தடுப்பாளர் இடத்துக்கு வெளிநாட்டவரை வாங்கிப் போட்டு, நம் பையன்களைப் பக்கவாட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அனஸுக்குப் பின், அன்வருக்கு முன், அந்த இடத்துக்கு ஆள் தேடி எல்லாப் பயிற்சியாளர்களும் திண்டாடினார்கள். ஹூட்டனின் 13 கோல்களைக்கூட இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2008 சேலஞ்ச் கோப்பையை வென்றதால் தகுதிச் சுற்றே ஆடாமல் நேராக ஆஸ்திரேலியா, தென் கொரியா, பஹ்ரைன் முன்னால் போய் நின்ற அணி அது. தென் கொரியாவிடம் வாங்கிய கோல்கள் நான்கோடு நின்றதற்கு கோல்காப்பாளர் சுப்ரதா பால்தான் காரணம்.

வியாசர்பாடி 4

ஜிங்கான் பற்றிய கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. கோலாலம்பூரில் 4 வாங்கிய ஆட்டத்திலும், பெங்களூருவில் ஈரானிடம் 3 வாங்கிய ஆட்டத்திலும் அவர் களத்தில் இருந்தாரா, எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையெல்லாம் ஆட்ட அறிக்கைகளிலிருந்து எடுத்து வைத்த பிறகே அந்த முடிவை உறுதியாகச் சொல்ல முடியும். நல்ல உதாரணங்களை மட்டும் பொறுக்கினால் எந்த வீரரையும் தூணாக்கிவிடலாம்.

மைதான நோக்கர்

தேவையான எச்சரிக்கை. தூத்தூர் நண்பருக்கு என் யோசனை இதுதான். தகுதிச் சுற்றையும் ஆசியக் கோப்பையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நட்புறவு ஆட்டங்களை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 2021 மார்ச்சில் துபாயில் அமீரகத்திடம் புதுமுகங்களை இறக்கி வாங்கிய 0-6 ஒன்றே ஸ்டிமாச்சின் கணக்கைக் கவிழ்த்துவிடும். பிறகு உள்ளூர், வெளியூர் என்று பிரியுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் எதிரே நிமிடத்தையும், அப்போது களத்திலிருந்த நடுத் தடுப்பாளர் இருவரையும் எழுதுங்கள்.

அப்படி எழுதும்போது, என் முதல் பதிலில் சொந்த மண்ணைப் பற்றி நான் சொன்னதற்கு எதிராக நிற்கும் ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். 2023 நவம்பர் 16 அன்று குவைத்தில், மன்வீர் சிங் 75-ஆவது நிமிடத்தில் அடித்த கோலைக் கடைசி வரை காத்து 1-0 என்று வென்றோம். கோலாலம்பூரில் 4 வாங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஸ்டிமாச்சின் பின்களத்துக்கு மதிப்பெண் போடுவதானால், சொந்த மண்ணில் ஆடிய அந்த 11 ஆட்டங்களை விட இந்த ஓர் ஆட்டத்துக்கே நான் கூடுதலாகப் போடுவேன்.